மலையின் பெயரேடு – இராபர்ட் வைட்

நுழையும்முன்

நாள்தோறும் கடந்துசெல்லும் மரத்தின் பெயரைக் கேட்டால்கூட விடை கூற இயலாமல் தயங்குவோர் பலர். மலைகளிலும் சமவெளிகளிலும் வளரும் செடி, கொடி, மரங்களின் பெயரையும் உருவையும் வாழிடத்தையும் திரட்டித் தொகுக்கும் பணிக்குத் தம் வாழ்வின் முப்பது ஆண்டுகளுக்கும் மேலான காலத்தைத் தென்னிந்தியாவில் செலவிட்டவர் ஒரு மருத்துவர். சேகரித்தவை கடலில் மூழ்கின. வகித்த பதவி நீக்கப்பட்டது. தொடங்கிய நூல் முதல் தொகுதியோடு நின்றது. எனினும், அவர் தொகுத்தவற்றை நாடாமல் இன்றும் தென்னகத் தாவரங்களைப் பற்றி ஆராய இயலாது. அவரது வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

மேற்கே தெரியும் மலை

விருதுநகர், சாத்தூர், சிவகாசி ஆகிய ஊர்களிலிருந்து மேற்கே நோக்கினால், மழை ஓய்ந்து வானம் தெளிந்த நாள்களில் நீலநிற மலைத்தொடர் ஒன்று கண்ணுக்குத் தெரியும். அது மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் அடிவாரத்தில் திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் வத்திராயிருப்பும் அமைந்துள்ளன. வைப்பாறும் அதன் துணையாறுகளும் இம்மலைப்பகுதியிலேயே பிறந்து கரிசல் நிலத்தை நோக்கி ஓடிவருகின்றன.

தென்மேற்குப் பருவக்காற்று சுமந்துவரும் மழையின் பெரும்பகுதியை இம்மலை தடுத்துத் தன் மறுபுறத்தில் பொழியச் செய்துவிடுகிறது. ஆகவே, கிழக்கே உள்ள சமவெளி மழைமறைவுப் பகுதியாகிறது. சிவகாசி வட்டாரத்தின் வறண்ட காற்றும் நெடிய வெயிலும் இதன் விளைவுகளே. வேளாண்மைக்குத் தடையாக இருந்த அவ்வறட்சி, 1920களில் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலுக்கும் அதன் பின் வளர்ந்த பட்டாசுத் தொழிலுக்கும் ஏற்றதாயிற்று. அடிவாரத்தில் முட்செடிகள், அவற்றுக்கு மேலே இலையுதிர் காடுகள், இன்னும் உயரே பசுமைமாறாக் காடுகள், உச்சியில் புல்வெளிகளும் சோலைகளும் எனச் சில கல் தொலைவுக்குள்ளேயே தாவர உலகம் பலமுறை மாறிவிடுகிறது.

இத்தகைய மலையில் என்னென்ன வளர்கின்றன என்னும் கேள்வி தமிழருக்குப் புதியதன்று. நிலத்தை அதன் பூவால் பெயரிட்டு அழைத்த மரபு நம்முடையது. கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் ஒரே இடத்தில் அடுக்கப்பட்டுள்ளன. அப்பெயர்களுள் சிலவற்றிற்குரிய செடி எதுவென்பதில் இன்று கருத்து வேறுபாடு நிலவுகிறது. பெயர் நிலைத்தது, பெயருக்கு உரிய செடியைக் காட்டும் சான்று நிலைக்கவில்லை. பெயரையும் செடியையும் பிரியாதபடி பிணைத்து வைக்கும் முறையைத் தாவரவியல் பின்னாளில் உருவாக்கியது. அம்முறையைத் தென்னிந்தியத் தாவரங்களுக்குப் பேரளவில் பயன்படுத்தியவர் இராபர்ட் வைட்.

மருத்துவர் தாவரவியலர் ஆதல்

ஸ்காட்லாந்தின் கிழக்கு லோதியன் பகுதியில் உள்ள மில்டன் என்னும் ஊரில் 1796ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் வைட் பிறந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1818இல் பட்டம் பெற்றார். மருந்துகளில் பெரும்பாலானவை செடிகளிலிருந்தே கிடைத்த காலம் அது. ஆகவே, மருத்துவ மாணவர் தாவரவியலையும் கற்றனர். அங்கு அப்பாடத்தைக் கற்பித்த பேராசிரியர் டேனியல் ரூதர்போர்டு, காற்றிலிருந்து நைட்ரசனைப் பிரித்தறிந்த அறிவியலாளர் ஆவார்.

கிழக்கிந்தியக் கும்பனியின் படைப்பிரிவில் துணை அறுவை மருத்துவராகப் பணியேற்று 1819இல் வைட் இந்தியா வந்தார். சென்னை மாகாணத்தின் வடபகுதியில், இன்றைய ஆந்திரத்தில் அமைந்த பாசறைகளில் அவர் முதலில் பணியாற்றினார். காலையில் நோயாளிகளைப் பார்ப்பதும், எஞ்சிய பொழுதில் சுற்றுவட்டாரத்துச் செடிகளைச் சேகரிப்பதும் அவரது வழக்கமாயின. அவருடைய ஊதியத்தின் ஒரு பகுதி, செடி திரட்டும் உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கூலியாகச் சென்றது. காட்டுப் பாதைகளையும் பூக்கும் பருவங்களையும் அறிந்திருந்த அவர்களே, பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற அத்தொகுப்பின் பெரும்பகுதியைத் திரட்டியவர்கள். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் ஏடுகளில் இடம்பெறவில்லை.

கடல் கொண்ட முதல் சேகரிப்பு

அக்காலத்தில் இந்தியாவில் சேகரித்த செடிகளைச் சரியாக இனங்காண, ஐரோப்பாவில் உள்ள நூல்களோடும் மாதிரிகளோடும் ஒப்பிட வேண்டியிருந்தது. அதற்காக வைட், தாம் திரட்டிய முதல் தொகுப்பை எடின்பரோவில் தாவரவியல் பேராசிரியராக இருந்த இராபர்ட் கிரகாமுக்குக் கப்பலில் அனுப்பினார். நன்னம்பிக்கை முனையருகே அச்சேகரிப்பு கடலில் அழிந்துபோயிற்று.

நோயும் வெப்பமும் நிறைந்த பாசறை வாழ்வின் இடையே ஈட்டிய பயன் அனைத்தும் ஒரு விபத்தில் மறைந்தது. வைட் மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை ஒவ்வொரு செடியிலும் பல மாதிரிகளைச் சேகரிக்கும் பழக்கத்தை அவர் வலுப்படுத்திக்கொண்டார். ஒரே செடியின் படிகள் பல இடங்களில் இருந்தால், ஓரிடத்தில் நேரும் அழிவு முழு அழிவாகிவிடாது. இன்று தரவுகளைத் தொகுப்போர் படிகள் எடுத்து வெவ்வேறு இடங்களில் சேமிப்பதும் இக்காரணத்தாலேயே.

பதவி நீங்கியது, பணி நீங்கவில்லை

வைட்டின் ஆர்வத்தை அறிந்த சென்னை அரசு, 1826இல் அவரை மாகாணத்தின் இயற்கை அறிவியலாளராக அமர்த்தியது. அப்பதவியில் அவர் தென் மாவட்டங்களில் நெடும்பயணம் மேற்கொண்டு செடிகளை மட்டுமன்றிப் பிற இயற்கைப் பொருள்களையும் திரட்டினார். ஆனால், ஈராண்டுகளிலேயே, 1828இல், அப்பதவி தேவையற்ற செலவெனக் கருதப்பட்டு ஒழிக்கப்பட்டது. அப்பதவியின் வழி சேர்ந்த தொகுப்புகள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டன. வைட், நாகப்பட்டினத்துக்குப் படை மருத்துவராக மாற்றப்பட்டார்.

நாகப்பட்டினமும் அவரது பணியைத் தடுக்கவில்லை. கடற்கரை மணலிலும் வயல்வரப்பிலும் வளரும் சிறு செடிகளையும் அவர் விடாமல் திரட்டினார். கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஹூக்கருடன் கடிதத் தொடர்பு கொண்டு மாதிரிகளையும் ஓவியங்களையும் அனுப்பினார். அத்தொடர்பு அவருக்கு ஐரோப்பியத் தாவரவியலரின் வாயிலைத் திறந்துவிட்டது.

தெரிந்து தெளிவோம்

நாகப்பட்டினத்தை அடுத்த தரங்கம்பாடி, தாவரவியல் வரலாற்றில் இடம்பெற்ற ஊர். லின்னேயசின் மாணவரான கோனிக் 1768இல் அங்கு வந்து செடிகளை ஆராய்ந்தார். அவ்வூருக்கு வந்த சமயத் தொண்டர் ராட்லர், தாவரங்களைத் தொகுத்ததோடு தமிழ் – ஆங்கில அகராதி ஒன்றையும் தொகுத்தார். சொற்களைத் திரட்டுவதும் செடிகளைத் திரட்டுவதும் ஒருவரிடமே அமைந்தமை குறிப்பிடத்தக்கது.

தாளில் தங்கும் செடி

தாவர வளத்தைப் பதிவுசெய்யும் முறையை அறிந்தால்தான் வைட்டின் உழைப்பின் அளவு விளங்கும். பூவும் காயும் உள்ள கிளையைத் தெரிந்தெடுத்து, இலைகள் மடியாதவாறு தாள்களுக்கிடையே விரித்து, பாரம் ஏற்றி அழுத்த வேண்டும். ஈரத்தை உறிஞ்சிய தாள்களை நீக்கி உலர்ந்த தாள்களை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் தாள்களே உலராமல் பூஞ்சை படியும். உலர்ந்த பின்போ பூச்சிகள் அரிக்கும். இவற்றிலிருந்து தப்பிய மாதிரியைத் தாளில் ஒட்டி, அது கிடைத்த இடம், நாள், திரட்டியவர் ஆகிய விவரங்களை எழுதினால் அஃது உலர்தாவர மாதிரியாகிறது. இத்தகைய மாதிரிகளை அடுக்கிப் பேணும் இடம் உலர்தாவரகம் எனப்படும்.

புதிய சிற்றினம் ஒன்றுக்குப் பெயரிடும்போது, அப்பெயர் இன்ன மாதிரிக்கே உரியது என்று சுட்டும் வழக்கம் பிற்காலத்தில் விதியாகவே நிலைபெற்றது. அம்மாதிரியை வகைமாதிரி என்பர். இருநூறு ஆண்டுகள் கழிந்தாலும், ஐயம் எழும்போது ஆய்வாளர் அத்தாளை எடுத்துப் பார்த்துத் தெளிவு பெறலாம். குறிஞ்சிப்பாட்டின் மலர்கள் சிலவற்றிற்குக் கிட்டாத சான்று இதுவே.

ஓர் இலட்சம் மாதிரிகள்

நோயுற்ற வைட், 1831இல் நீண்ட விடுப்பில் தாயகம் திரும்பினார். அவருடன் கப்பலில் சென்றவை ஏறத்தாழ ஓர் இலட்சம் உலர்தாவர மாதிரிகள். அவற்றின் எடை இரண்டு டன். அவற்றுள் மூவாயிரம் முதல் நாலாயிரம் வரையிலான சிற்றினங்கள் அடங்கியிருந்தன. ஓய்வுக்காகச் சென்றவர், விடுப்புக் காலத்தை அத்தொகுப்பை முறைப்படுத்துவதிலேயே செலவிட்டார். ஸ்காட்லாந்துத் தாவரவியலர் ஜார்ஜ் வாக்கர் ஆர்நாட் அவருக்குத் துணைநின்றார். ஒரே செடியின் பல மாதிரிகளைப் பிரித்து, எண்ணிட்டு, ஐரோப்பாவின் பல நாட்டு அறிஞர்களுக்கு அவர்கள் வழங்கினர். ஒவ்வொரு குடும்பத் தாவரத்தையும் அதில் வல்லவர் ஆராய்வதற்கு அஃது இடமளித்தது.

இவ்விருவர் உழைப்பின் பயனாக 1834இல் வெளிவந்த நூல், இந்தியத் தீபகற்பத் தாவரங்களுக்கான முன்னோடி நூல். இலத்தீன் தலைப்பில் அமைந்த புரோடுரோமஸ் என்னும் சொல்லுக்கு முன்னே ஓடுபவர் என்பது பொருள். முழுமையான நூல் பின்னே வரும் என்னும் நம்பிக்கையில் இடப்பட்ட பெயர் அது. பூவிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டு பிரிக்கும் லின்னேயசின் முறையை விடுத்து, பல பண்புகளையும் ஒருங்கே நோக்கி உறவு காணும் இயற்கை வகைப்பாட்டு முறையில் அது அமைந்தது. அதன் முதல் தொகுதி மட்டுமே வெளிவந்தது. வைட் இந்தியா திரும்ப வேண்டியிருந்தது. இருவரும் இரு கண்டங்களில் இருந்துகொண்டு அப்பணியைத் தொடர இயலவில்லை.

எனினும், அத்தொகுதியில் இடம்பெற்ற பெயர்கள் நிலைத்துவிட்டன. விருதுநகர், தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலத்தில் குடை விரித்தாற்போல் நிற்கும் குடைவேல மரத்துக்கு அக்கேசியா பிளானிபிரான்ஸ் என்று அறிவியற் பெயர் சூட்டியவர்கள் வைட்டும் ஆர்நாட்டும். இன்று அம்மரம் வேறு பேரினத்தில் வைக்கப்பட்டாலும், அவர்கள் இட்ட சிற்றினப் பெயர் மாறவில்லை. ஆற்றங்கரைகளில் ஓங்கி வளரும் மருதமரத்தின் அறிவியற் பெயரான டெர்மினாலியா அர்ஜுனா என்பதன் பின்னும் அவ்விருவர் பெயர்கள் இணைந்துள்ளன.

தெற்கு மலைகளில்

1834இல் திரும்பிவந்த வைட், பெல்லாரியில் இருந்த படைப்பிரிவில் மருத்துவரானார். அப்படைப்பிரிவு பாளையங்கோட்டைக்கு இடம்பெயர்ந்தபோது, அவரும் தீபகற்பத்தின் தென்முனைக்கருகே வந்து சேர்ந்தார். அன்றைய திருநெல்வேலி மாவட்டம் இன்றைய மாவட்டத்தைவிடப் பெரியது. சாத்தூரும் திருவில்லிபுத்தூரும் அதில் அடங்கியிருந்தன. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைந்தபோது அவை அதனுடன் சேர்ந்தன. 1985இல் உருவான மாவட்டமே இன்றைய விருதுநகர் மாவட்டம்.

குற்றாலமும், இராசபாளையத்துக்குத் தெற்கே அமைந்த சிவகிரி மலைப்பகுதியும் வைட்டின் சேகரிப்புக் களங்களாயின. 1836இல் அவர் இலங்கைக்குச் சென்று அங்குள்ள தாவரங்களையும் கண்டார். அதே ஆண்டில், வராககிரி என்றும் வழங்கும் பழனிமலைத் தொடரில் ஏறினார். கோடைக்கானல் என்னும் நகர் அன்று உருவாகவில்லை. ஈராண்டுகளுக்கு முன்னர்தான் செண்பகனூரில் ஆங்கில அலுவலர் சிலர் சிறு மனை ஒன்றை எழுப்பியிருந்தனர். மலைவாழ் மக்களின் ஒற்றையடிப் பாதைகளே வழி. அம்மலையைப் பற்றிய தம் குறிப்புகளை 1837ஆம் ஆண்டுச் சென்னை இலக்கிய, அறிவியல் இதழில் அவர் வெளியிட்டார். பழனிமலையின் இயற்கை வளம் குறித்து அச்சில் வந்த முன்னோடி ஆவணங்களுள் அதுவும் ஒன்று.

தூரிகை ஏந்திய இருவர்

உலர்ந்த செடி நிறம் இழக்கும்; இதழ்கள் சுருங்கும். அக்குறையை ஈடுசெய்வன ஓவியங்கள். வைட்டிடம் பணியாற்றிய ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும் ஆவர். 1820களிலிருந்து ரங்கையாவும், அவருக்குப் பின் கோவிந்துவும் ஆயிரக்கணக்கான செடிகளைக் கண்முன் வைத்து வரைந்தனர். செடியின் தோற்றத்தோடு, அறுத்துத் திறந்த பூவின் உட்பகுதிகளையும் விதையின் அமைப்பையும் நுட்பமாகக் காட்ட வேண்டியிருந்தது. அவ்வேலைக்கு அழகுணர்வோடு அளவு தவறாத கண்ணும் தேவைப்பட்டது.

அவ்வோவியங்களைச் சென்னையிலேயே கல்லச்சில் பதிப்பிக்க வைட் துணிந்தார். கல்லச்சுக் கலையைத் தாமே பழகிக்கொண்டார். இந்தியத் தாவர விளக்கம், இந்தியத் தாவர உருவங்கள், நீலகிரித் தாவரத் தொகுப்பு என்னும் பொருளுடைய மூன்று படநூல் வரிசைகள் 1838 முதல் 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்தன. அவற்றுள் ஐகோன்ஸ் எனப்படும் உருவங்களின் வரிசை மட்டும் ஆறு தொகுதிகளில் 2,101 படங்களைக் கொண்டது. நீலகிரி நூலுக்கு வைட் இட்ட ஸ்பைசிலிஜியம் என்னும் இலத்தீன் பெயரின் பொருள், அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிர்களைப் பொறுக்குதல் என்பதாகும். தமக்கு முன் உழைத்தோரையும் பின் வருவோரையும் கருதி இட்ட அடக்கமான பெயர் அது.

படங்களில் ஓவியர் பெயரையும் அச்சிடச் செய்தார் வைட். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரால் கோவிந்தூயியா என்று பெயரும் சூட்டினார். இந்திய ஓவியர் பலர் பெயரறியப்படாமலேயே மறைந்த அக்காலத்தில் இஃது அரிய செயல். பின்னாளில் அப்பேரினம் வேறொன்றோடு இணைக்கப்பட்டு, அப்பெயர் வழக்கொழிந்தது. ஆயினும், அவ்விருவரின் ஓவியங்கள் எடின்பரோ அரசுத் தாவரவியல் தோட்டத்தில் இன்றும் பேணப்படுகின்றன.

பருத்தியும் ஒரு பாடமும்

கும்பனி அரசு வைட்டை ஊதியம் கொடுத்து வைத்திருந்தது மலர்களை விரும்பியதனால் மட்டுமன்று. 1836இல் அவர் வருவாய்த் துறைக்கு மாற்றப்பட்டார். பருத்தி, புகையிலை, நிலவாகை முதலிய பயிர்களைப் பற்றி ஆராய்ந்து அறிக்கை அளிப்பது அவரது பணியாயிற்று. 1842 முதல் 1853 வரை கோயம்புத்தூர்ப் பகுதியில் அமைந்த பருத்திச் சோதனைப் பண்ணைகளின் பொறுப்பை ஏற்றார். இங்கிலாந்தின் ஆலைகளுக்கு வேண்டிய நீண்ட இழைப் பருத்தியை இந்தியாவில் விளைவிக்க அரசு விரும்பியது. அமெரிக்க விதைகளும் அமெரிக்க உழவர் சிலரும் அதற்காகவே வரவழைக்கப்பட்டிருந்தனர்.

வைட் நம்பிக்கையோடு முயன்றார். ஆயினும், அரசு எதிர்பார்த்த அளவுக்கு அமெரிக்கப் பருத்தி இங்கு வேரூன்றவில்லை. பருவமழையை நம்பிய கரிசல் நிலத்தில், தலைமுறை தலைமுறையாக விளைந்துவந்த நாட்டுப் பருத்தி வறட்சியைத் தாங்கிய அளவுக்குப் புதிய பருத்தி தாங்கவில்லை. நிலத்தையும் மழையையும் அறிந்த உள்ளூர் உழவரின் தேர்வுக்குக் காரணம் இருந்தது என்பதை அச்சோதனை உணர்த்தியது. விருதுப்பட்டி என்னும் பழம்பெயருடன் விளங்கிய விருதுநகர், பின்னாளில் பருத்தி வணிக நகராக வளர்ந்தபோது, அதற்கு அடித்தளமாக அமைந்ததும் கரிசல் நிலத்தின் விளைச்சலே.

அப்பதினோர் ஆண்டுகளிலும் வைட்டின் படநூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. அலுவல் பணி அரசின் வேண்டுகோளுக்காக நடந்தது. தாவரப் பணி அவரது உள்ளத்தின் வேண்டுகோளுக்காக நடந்தது. முன்னது அவர் காலத்தோடு முடிந்தது. பின்னது இன்றும் பயன்படுகிறது.

குறையும் நிறையும்

1853இல் வைட் ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பி, ரெடிங் நகருக்கு அருகே கிரேசிலி என்னும் சிற்றூரில் வாழ்ந்தார். 1855இல் இலண்டன் அரச கழகம் அவரை உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அவரது பெருந்தொகுப்பு கியூ தாவரவியல் தோட்டத்தைச் சேர்ந்தது. அவற்றின் படிகள் உலகின் பல உலர்தாவரகங்களுக்கு வழங்கப்பட்டன. 1872ஆம் ஆண்டு மே மாதம் 26ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவ்வாறு வழங்கப்பட்ட மாதிரிகள் பலவற்றில் இந்தியத் தீபகற்பம் என்பதைத் தவிர வேறு இடக்குறிப்பு இல்லை. செடி குற்றாலத்தில் கிடைத்ததா, நீலகிரியில் கிடைத்ததா, பழனிமலையில் கிடைத்ததா என்பதை அத்தாள் கூறாது. செடியை இனங்காண்பதே முதன்மை எனக் கருதிய காலத்தில், அது வளர்ந்த இடத்தைக் குறிப்பது சிறு செய்தியாகத் தோன்றியிருக்கலாம். ஆனால், ஒரு செடி முன்பு எங்கே வளர்ந்தது, இன்று அங்கே இருக்கிறதா, இல்லையெனில் ஏன் மறைந்தது என்று கேட்கும் இக்காலத்துக்கு அவ்விடக்குறிப்பே முதன்மையானது. ஆய்வாளர்கள் வைட்டின் கடிதங்களையும் நூல்களையும் ஓவியங்களையும் ஒப்பிட்டு, அவர் சென்ற இடங்களைத் தேடி அறிய வேண்டியுள்ளது. பெரியோர் பணியின் குறைகளும் பின்வருவோருக்கு வழிகாட்டும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. இன்று களத்துக்குச் செல்லும் ஆய்வாளர், செடியைப் பறிக்கும் முன்பே இடம், உயரம், நாள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்கின்றனர்.

தொடரும் பட்டியல்

வைட் விட்ட இடத்திலிருந்து பலர் தொடர்ந்தனர். ஜோசப் ஹூக்கர் தலைமையில் 1872 முதல் 1897 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த பிரித்தானிய இந்தியத் தாவர நூல், வைட்டின் மாதிரிகளைப் பெரிதும் பயன்படுத்திக்கொண்டது. ஜேம்சு கேம்பிள் 1915இல் தொடங்கிய சென்னை மாகாணத் தாவர நூல், அவர் 1925இல் மறைந்தபின் பிஷரால் நிறைவுசெய்யப்பட்டது. அதே காலப்பகுதியில் பைசன், நீலகிரி, பழனிமலை உச்சிகளின் தாவரங்களைத் தொகுத்தார். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திருச்சிராப்பள்ளி இராபினாட் உலர்தாவரகத்தின் கே.எம். மேத்யூ, தமிழகக் கருநாடகச் சமவெளியின் தாவரங்களையும் பழனிமலையின் தாவரங்களையும் விரிவான நூல்களாக்கினார். கோயம்புத்தூரில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வுத்துறையின் உலர்தாவரகம் தென்னக மாதிரிகளைப் பேணிவருகிறது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் பகுதிகள் 2012இல் உலகப் பாரம்பரியக் களமாக ஏற்கப்பட்டன. திருவில்லிபுத்தூர் மலைப்பகுதி, சாம்பல்நிற அணில் சரணாலயமாக 1988இல் அறிவிக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு இணைந்து புலிகள் காப்பகமாயிற்று. ஓரிடத்தைக் காக்க வேண்டுமெனில் அங்கு என்ன இருக்கிறது என்பதை முதலில் கூற வேண்டும். பட்டியலில் இல்லாத செடி மறைந்தாலும், மறைந்தது என்று சொல்வதற்கே ஆளிராது.

கடலில் ஒரு தொகுப்பை இழந்தும், பதவியை இழந்தும், நூலொன்றை முடிக்க இயலாமல் விட்டும், வைட் அடுத்த செடியைத் தாளில் விரிப்பதை நிறுத்தவில்லை. காட்டு வழியைக் காட்டிய பெயரறியாப் பணியாளர்களும், தூரிகை ஏந்திய ரங்கையாவும் கோவிந்துவும் அவரோடு உழைத்தனர். அவர்கள் எழுதத் தொடங்கிய பெயரேடு இன்னும் நிறைவுபெறவில்லை. கரிசல் நிலத்திலிருந்து மேற்கே தெரியும் மலையில், பெயர் எழுதப்படாத செடிகள் இன்றும் பூக்கின்றன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலும் பள்ளி வளாகத்திலும் வளரும் இருபது செடிகளின் பெயர், கண்ட இடம், நாள், பூக்கும் பருவம், பயன் ஆகியவற்றைப் பட்டியலிடுக. ஊரின் முதியோரிடம் அவற்றின் வட்டாரப் பெயர்களைக் கேட்டு எழுதுக.

2. இடக்குறிப்பு இல்லாத தாவர மாதிரியால் விளையும் சிக்கல்கள் குறித்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. அறிவியல் பணியில் உடனுழைத்தோரின் பெயரைப் பதிவுசெய்வதன் தேவையை விளக்கி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.